சந்தேகத்தோடு இருக்கும் நான் திருவிருந்தில் பங்குபெறலாமா?

பேராக் மகள் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தாத்தா காலம் முதல் தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பம் எங்களுடையது. தோட்டம் கைமாறிய பிறகு பக்கத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்தோம். அப்பா பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்), பின்னாளில் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) வேலை பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவோடு சபைக்கு வரத் தொடங்கி, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். அவருடன் பிறந்தவர்கள் எல்லாரும் இன்றும் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றிச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டார். அதற்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே புடைத்திருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது என் வேலை. அந்த நேரத்தில்தான் நான் அவருக்காக ஜெபிப்பதும். ஆனால் ஜெபிக்கும்போதே, இது நடக்கப்போவதில்லை என்று மனதில் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்துபோன ஜெபக்குழுவில் ஒருவர், குணமாகிவிட்டது என்று வாயால் அறிக்கையிட வேண்டும், அதற்குப் பிறகும் ஊசி குத்திக்கொள்ளப் போவது அவிசுவாசம் என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஜெபம் பண்ணுங்க, நான் வேனுக்கு நேரமாச்சு, போயிட்டு வந்துடறேன்" என்று புறப்பட்டுவிட்டார். கடந்த ஆண்டு அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டில் அதே குழுவைச் சேர்ந்த ஒருவர், இந்த வீட்டில் ஒருவருடைய விசுவாசமாவது உறுதியாக இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று முதல் நான், சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை எடுப்பதில்லை. எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது நான் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். தன்னைத்தானே சோதித்தறியாமல் அபாத்திரமாய் (தகுதியில்லாமல்) பானம்பண்ணக் கூடாது என்று 1 கொரிந்தியர் 11-இல் இருக்கிறதே. அரைகுறை விசுவாசத்தோடு கைநீட்டுவது அதுதானே? முதிர்ந்த விசுவாசிகள் என்று சபையில் சொல்லப்படுகிறவர்கள் ஒருநாளும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. நான் அந்த நிலைக்கு வர முடியுமா, அல்லது சிலருக்கு அது வாய்ப்பதே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா, உங்கள் அப்பாவின் சிரிப்பைப் படித்தபோது அவரைச் சந்திக்கவில்லையே என்று இருந்தது. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அந்த அறையில் இருந்த எவரைவிடவும் குறைந்த விசுவாசம் உள்ளவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

துக்க வீட்டில் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். குணமாகாதது யாரோ ஒருவருடைய விசுவாசக் குறைவால்தான் என்றால் பவுல் அப்போஸ்தலனை என்ன செய்வது? தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டுமென்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டவருக்கு, "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில் வந்ததே தவிர முள் எடுபடவில்லை. அவரோடு ஊழியம் செய்த துரோப்பீமு மிலேத்துவில் வியாதிப்பட்டுக் கிடந்தார். பவுல் அவரை அங்கே விட்டுவிட்டு வந்ததாகவே எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். உன் விசுவாசம் போதவில்லை என்று அந்தப் பிள்ளையை அவர் கடிந்துகொண்டதாக எங்கும் இல்லை. ஜெபக்குழுவில் வேதவசனம் சொல்லுகிறவர்கள் இந்த இடங்களையும் சேர்த்துப் படித்தால் நல்லது.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வருகிற தகப்பனும் உங்களைப் போன்றவர்தான். பிள்ளை சிறு வயதிலிருந்தே தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். சீஷர்களிடம் கொண்டுவந்தும் பலன் இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அவர் கண்ணீரோடு சத்தமிடுகிறார். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வெளிவருகின்றன. முதலில் இரண்டாவதைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்குகிறார். ஜெபிக்கும்போதே மனதின் ஒரு மூலை மறுத்தது என்றீர்களே, அந்தத் தகப்பனின் ஜெபத்தைத்தான் நீங்களும் காலைதோறும் ஏறெடுத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை குணமானான், என் அப்பா குணமாகவில்லையே என்று நீங்கள் கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. எவரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வேறுபாடு உங்கள் மனதின் ஒரு மூலையால் உண்டானது என்று சொல்ல வேதத்தில் ஆதாரம் கிடையாது.

இனித் திருவிருந்து. கொரிந்து சபையில் நடந்த கோளாறு என்ன என்பதை அதே அதிகாரம் சொல்கிறது: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுலின் கோபம் அந்த அலட்சியத்தின்மேல். சந்தேகத்தோடு கலங்குகிற ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதற்காக எழுதப்பட்ட வசனம் அன்று அது. சோதித்தறிந்து, "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்றுதான் அந்த வாக்கியம் முடிகிறது என்பதையும் பாருங்கள்.

நான் மெதடிஸ்டு ஆகையால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவராக, 1736 ஜனவரியில் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது புயல் வந்தது. மொரேவிய சகோதரர்கள் (ஜெர்மானியச் சபைப் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர்கள்) அமைதியாகப் பாடிக்கொண்டிருக்க, இவர் சாவுக்குப் பயந்து நடுங்கினார். 1738-இல் ஆக்ஸ்போர்டில், தமக்கு விசுவாசமே இல்லை, பிரசங்கத்தை நிறுத்திவிடலாமா என்று பீட்டர் போலர் என்ற மொரேவிய ஊழியரிடம் கேட்டார். விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியுங்கள், வந்த பிறகு வந்துவிட்டதால் பிரசங்கிப்பீர்கள் என்று போலர் சொன்னார். அதே ஆண்டு மே 24 அன்று இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவருடைய இருதயம் அனலடைந்த நிகழ்ச்சியை எங்கள் சபைகளில் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். ஆனால் எட்டு மாதங்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரியில், தாம் கிறிஸ்தவரே இல்லை என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது. அவர் சேர்ந்திருந்த, இலண்டனில் கூடிய ஃபெட்டர் லேன் என்ற ஜெபச் சங்கத்தில் சிலர், சந்தேகமற்ற முழு விசுவாசம் வரும்வரை திருவிருந்தையும் வேதவாசிப்பையும் விட்டுவிட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும் என்று போதித்தார்கள். வெஸ்லி அதை ஏற்கவில்லை. பலவீனமானவனைத் தேவன் சந்திக்கிற இடங்களே இவைதாம், இவற்றை விட்டுவிட்டு அவன் எங்கே போய்ப் பலப்படுவான் என்பது அவர் வாதம். 1740 ஜூலையில் அந்தச் சங்கத்தைவிட்டே வெளியேறினார். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பது, அம்மா, அந்த ஃபெட்டர் லேன்காரர்கள் சொன்னதைத்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து முன்னால் போங்கள் என்பது என் ஆலோசனை. அதற்கு முன் உங்கள் பாஸ்டரிடம் ஒருமுறை மனம்விட்டுப் பேசிவிட்டால் கால் தயங்காது.

முதிர்ச்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பால்மரத்தை வெட்டுக்கு எடுக்கும்போது அதன் வயதைக் கேட்பதில்லை, உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். டேப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு ஏறக்குறைய ஐம்பது சென்டிமீட்டர் வந்தால்தான் கத்தி வைப்பார்கள், அதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளில் மரம் பருப்பதை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. அதற்கு முன்பே வெட்டினால் மரம் கெட்டுவிடும். சபைகளில் நாம் பலரை அப்படி முன்கூட்டியே வெட்டிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஞானஸ்நானம் எடுத்த மறுமாதமே மேடையில் நின்று தழும்பாத விசுவாசத்தைச் சாட்சி சொல்லச் சொல்கிறோம். அவர்களும் பாவம், சொல்லிவிடுகிறார்கள். உங்கள் சபையில் சந்தேகப்படாதவர்களாகத் தெரிகிறவர்களில் சிலர் அதை வெளியே சொல்ல இடம் கிடைக்காதவர்களாக இருக்கலாம்.

மில் இரவுப்பணி

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு வேதம் தெரியாது. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறேன். இரவுப்பணி முடிந்து வந்து நீண்ட தியானம் செய்வது என்னைப் போன்றவர்களுக்கு ஆகாத காரியம், அதை வைத்து என் விசுவாசத்தை அளந்தால் பூஜ்யம்தான் வரும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் என்று வைத்துக்கொண்டேன். பாய்லர் பக்கத்துக் கொட்டகையில் பசியாறும்போது கைப்பேசியில் வாசித்துவிடுவேன். புகழ்ச்சியாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. இதையெல்லாம் வேதத்தில் எழுத இடங்கொடுத்திருக்கிறார்கள் என்றால் நாமும் அப்படிப் பேசலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது. சகோதரி, நீங்கள் 88-ஐ வாசித்துப் பாருங்கள். உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லாது, ஆனால் துணைக்கு இருக்கும்.

எழுப்புதல் 77

ஸ்தோத்திரம். துக்க வீட்டில் அந்த வார்த்தை பேசப்பட்டது தவறு. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை, மருந்தை நிறுத்தச் சொன்னதையும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இந்தத் திரி போகிற போக்கைப் பார்த்தால், சந்தேகப்படுவதே உயர்ந்த பக்தி என்று இளையவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று கவலையாக இருக்கிறது. விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு 5:15 தெளிவாகச் சொல்கிறது. சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்று அதே நிருபத்தின் முதல் அதிகாரம் எச்சரிக்கிறது. எங்கள் சபையில் சுகம் பெற்றவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சந்தேகத்தைச் சீராட்டி வளர்த்தால் அது தானாகப் போகாது. வேத வாசிப்பும் ஐக்கியமும் குறையும் இடத்தில்தான் அது தழைக்கும். சகோதரி சபைக்கு வருவதை விடவில்லை என்பது நல்ல அடையாளம். அதையும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி சொல்வதில் கடைசிப் பகுதி முழுக்கச் சரி. சந்தேகம் வரலாம், ஆனால் அதற்குத் தனியறை கட்டிக் கொடுக்கக் கூடாது. வருகிற கேள்வியை ஆண்டவரிடமும் மூத்தவர் ஒருவரிடமும் கொண்டுபோகிறவர் வேறு, அதைக் காரணமாகக் காட்டி எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவர் வேறு.

யாக்கோபைப் பற்றி மட்டும் ஒன்று. 5-ஆம் அதிகாரத்தில் சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்லியிருக்கிறது. எண்ணெய் பூசி ஜெபிக்கிறவர்கள் அவர்கள். விசுவாசமுள்ள ஜெபம் இல்லை என்று கணக்குக் கேட்பதானால் ஜெபிக்க வந்தவர்களிடம் கேட்க வேண்டும். நோயாளியின் மகளிடம் கேட்பது எந்த நியாயம்? முதல் அதிகாரத்தில் அலையைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்பு, கேட்கிறவர்களுக்குச் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்று தேவனைப் பற்றி எழுதியிருக்கிறதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அன்னாள் ஆலயத்து அக்கா

நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள், ஆண்டுதோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவள். ஆகவே திருவிருந்து பற்றிய விவாதத்தில் தலையிடவில்லை. எங்கள் ஒழுங்கு வேறு. தங்கச்சி எழுதியதைப் படித்தபோது வேறொன்று தோன்றியது. இதில் எவ்வளவு அவிசுவாசம், எவ்வளவு துக்கம் என்று நீங்கள் பிரித்துப் பார்த்தீர்களா? தினமும் காலையில் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்த விரல் இப்போது காலையில் என்ன செய்யும்? ஜெப நேரமும் அந்த நேரமும் ஒன்றாகவே இருந்தபடியால், ஜெபிக்க உட்கார்ந்தாலே அப்பா இல்லை என்பது முன்னால் வந்து நிற்கும். அது விசுவாசம் தளர்ந்ததால் வருவதில்லை. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துப் போதும் கர்த்தாவே என்றபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்துச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி.

இரண்டாவது, உணர்வு இல்லாமலே நிலைத்திருப்பது முடியாத காரியமில்லை. அன்னை தெரேசா 1997-இல் மறைந்தார். 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஜெபத்தில் கடவுளின் பிரசன்னத்தை உணராமல் இருளிலேயே இருந்தார் என்பது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அந்த ஆண்டுகளில்தான் கல்கத்தாவின் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிவந்தார். அவரை உதாரணம் காட்டுவது உங்களுக்கு மலைப்பாக இருக்கலாம். ஆனால் மருத்துவமனை வேனுக்கு அப்பாவைக் கைப்பிடித்து ஏற்றியதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

பேராக் மகள்

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்கு உண்மையான பதில், சரியாகச் சாப்பிடுவதில்லை. சங்கீதம் 88-ஐ வாசித்தேன். எழுப்புதல் சகோதரர் கோபப்படாமல் எழுதியதற்கும் நன்றி.

பாஸ்டரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் இன்னொன்று முளைத்திருக்கிறது. அப்பா இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அத்தை தம் வீட்டில் தெவசம் செய்கிறார். படம் வைத்து, அப்பாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலும் வைத்துப் படைக்கப் போகிறாராம். நான் வந்தே ஆக வேண்டும் என்கிறார். அம்மாவோ போகவே கூடாது என்கிறார். முதிர்ந்த விசுவாசி என்றால் இதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லியிருப்பார். எனக்கு அத்தையும் வேண்டும், அம்மாவும் வேண்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தயக்கமில்லாமல் பதில் சொல்கிறவரை நான் இந்த விஷயத்தில் நம்பமாட்டேன், அம்மா. பூரண வயதுள்ளவர்கள் என்று எபிரெயர் 5:14 சொல்வது, நன்மை தீமையைப் பகுத்தறியும்படி பழக்கத்தால் தேறினவர்களை. பழகுவதற்கு இப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள்தாம் வேண்டும். பவுலுக்கும் இதே பிரச்சினை இருந்தது. ரோமர் 14-இல் அவர் பலவீனர் என்று சொல்வது, இதைச் சாப்பிடக் கூடாது, அந்த நாளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மிகக் கண்டிப்பாக இருந்தவர்களை. நம் சபைகளில் அப்படிப்பட்டவர்களைத்தான் பலசாலிகள் என்கிறோம், இது வேடிக்கை. இருந்தாலும் அவர்களை இடறப்பண்ணாதிருங்கள் என்று பலமுள்ளவர்களைத்தான் அவர் கேட்டுக்கொள்கிறார்.

1 கொரிந்தியர் 10-ஐப் பாருங்கள். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்துப் போக மனதிருந்தால், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரியாமல் முன்வைப்பதைப் புசிக்கச் சொல்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அந்த மனிதருக்காக விட்டுவிடச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்றும் எழுதுகிறார். போவது வேறு, படைப்பதில் சேருவது வேறு என்று நான் இதை வாசிக்கிறேன். நானாக இருந்தால் அத்தை வீட்டுக்குப் போவேன். படையலில் சேரமாட்டேன் என்பதை முன்னதாகவே, தனியாக, மரியாதையாகச் சொல்லிவிடுவேன்; கூட்டத்தின் நடுவில் சொன்னால் அது அத்தையை அவமானப்படுத்துவதாகிவிடும். படைத்ததைச் சாப்பிடுவதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை என்று தோன்றினாலும் அம்மாவின் மனதுக்காக அன்றைக்கு விட்டுவிடுவேன். வேறு விதமாகத் தீர்மானிக்கிற நல்ல கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அப்பாவின் நினைவாக வீட்டில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து அத்தையையும் கூப்பிட்டால் அம்மாவுக்கும் நிறைவாக இருக்கும்.

எழுப்புதல் 77

நானாக இருந்தால் படையல் நேரத்தில் அந்த வீட்டிலேயே இருக்கமாட்டேன். ஆனால் அத்தையை முன்னதாகப் பார்த்துப் பேசச் சொன்னதை ஆமோதிக்கிறேன்.

பேராக் மகள்

நேற்று மாலை அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். காலையிலேயே வந்து சமையலுக்கு உதவுகிறேன், படைக்கும்போது மட்டும் வெளித்திண்ணையில் இருப்பேன், சாப்பாட்டை வீட்டில் அம்மாவோடு சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். "உங்கப்பன் மாதிரியே சிரிச்சிக்கிட்டே எல்லாத்தையும் மாத்திடு" என்று கோபித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, நெத்திலி ஆய ஆள் இல்லை, ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடு என்றார். ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வருவாரா என்று கேட்டதற்கு, என்ன சமையல் என்று கேட்டார். அம்மா இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. பாஸ்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் ஐயா எழுதியதை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன்.